டாக்டர் கேட்ட ஒத்தை கேள்வி: தலைசுத்தல், காதடைப்பு, காது இரைச்சல் அனுபவங்கள்

ஒரத்தநாடு டீச்சர்

போன ஆடி மாசம் நடந்தது. விடியக்காலம் அஞ்சு மணிக்கு அலாரத்தை நிறுத்தலாம்னு வலது பக்கம் புரண்டேன், அவ்ளோதான், ஃபேன் மட்டும் இல்ல, ஃபேன் தொங்குற கூரையே ராட்டினம் மாதிரி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. கட்டில் சட்டத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டேன், குமட்டிகிட்டு வருது, பக்கத்துல படுத்திருக்க வீட்டுக்காரரை கூப்பிட வாய் வரல. செத்துப்போகப் போறோம்னே நெனச்சேன். கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுச்சு. எந்திரிச்சு காபி போட்டேன். மறுநாள் கொடியில துணி எடுக்க அண்ணாந்து பார்த்தேன், மறுபடியும் அதே கூத்து.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். நாத்தனார் பித்தம்னாங்க, ஒரு மாசம் சுக்கு மல்லி காபியும் எலுமிச்சம்பழமுமா ஓடுச்சு. பிபி பார்த்தா 130/80, சுகரும் நார்மல். ஒரு இடத்துல கழுத்தை எக்ஸ்ரே எடுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி காலர் மாட்டி விட்டுட்டாங்க. 52 வயசுல யார் கழுத்தை எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும், அது அப்ப எனக்கு தெரியல. பத்து வாரம் காலரோட ஸ்கூலுக்கு போனேன், எட்டாம் வகுப்பு பசங்க எனக்கு ஒட்டகச்சிவிங்கின்னு பேர் வச்சது தான் மிச்சம். தலைசுத்தல் மாத்திரை வேற மூணு வேளை, அதை போட்டா போர்டுல எழுதும்போதே தூக்கம் வரும்.

கடைசியா ஒரு ஈஎன்டி டாக்டர்கிட்ட போனோம். எவ்வளவு நேரம் சுத்துதுன்னு கேட்டார். நாள் பூரா சார்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாள் பூரா சுத்துதாம்மா, இல்ல நாள் பூரா பயமா இருக்கா?"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. யோசிச்சா சுத்துறது அரை நிமிஷம் தான், மீதி நேரம் பூரா எப்ப வருமோங்கிற நடுக்கம்.

உடனே பெட்ல உக்கார வச்சு, தலையை வலது பக்கம் 45 டிகிரி திருப்பி, சடார்னு பின்னால சாச்சு தலை பெட் விளிம்புக்கு கீழ தொங்குற மாதிரி படுக்க வச்சார். கண்ணை மட்டும் மூடாதீங்கன்னார். ரெண்டு மூணு செகண்ட் ஒண்ணும் இல்ல, அப்புறம் வந்துச்சு பாருங்க, கத்தி அவர் சட்டையை புடிச்சுட்டேன். என் பொண்ணை கூப்பிட்டு அம்மா கண்ணை வீடியோ எடும்மான்னு சொல்லியிருக்கார், அப்புறம் பார்த்தா கருவிழி சக்கரம் மாதிரி சுழண்டு சுழண்டு துடிக்குது. டிக்ஸ் ஹால்பைக் டெஸ்ட்டுன்னு பேராம், 1952ல லண்டன்ல கண்டுபிடிச்சது. ஸ்கேன் இல்ல, ஊசி இல்ல, ஒரு பெட்டும் ரெண்டு கையும் இருந்தா போதும். இதுக்கு நான் மூணு மாசம் அலைஞ்சிருக்கேன்.

உள்காதுல கால்சியம் கார்பனேட் துகள் இருக்காம், சுண்ணாம்புக்கல் எதுவோ அதேதான். அது ஒட்டிகிட்டு இருக்க வேண்டிய இடத்தை விட்டு பேந்து, தண்ணி நிறைஞ்ச அரைவட்ட குழாய்க்குள்ள விழுந்துடுது. தலை திரும்பி நின்ன பிறகும் துகள் உருண்டுகிட்டே இருக்கு, இன்னும் திரும்புறோம்னு காது மூளைகிட்ட சொல்லுது, மத்த காது இல்லைங்குது, கண்ணு இல்லைங்குது, அந்த சண்டை தான் தலைசுத்தல். அந்த துகளை வந்த வழியே உருட்டி வெளிய விடணும். தொங்கப்போட்ட தலையை இடது பக்கம் திருப்பினார், ஒரு நிமிஷம். அப்புறம் உடம்போட இடது பக்கம் ஒருக்களிச்சு மூஞ்சி தரையை பார்க்குற மாதிரி ஒரு நிமிஷம். அப்புறம் மெதுவா உக்கார வச்சார். எப்லி முறையாம். மொத்தம் அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஒரு வாரம் கழிச்சு போனப்ப அதே டெஸ்ட் பண்ணார், கண்ணு அப்படியே நின்னுச்சு. காலரை தூக்கி பரண்ல போட்டேன்.

உங்களுக்கு யாருக்காவது இப்படி டாக்டர் கேட்ட ஒரு கேள்வில வியாதி பிடிபட்டிருக்கா? எழுதுங்க.

தறிச்சத்தம்

டீச்சர், எனக்கு வயசு 58ங்க, சோமனூர் பக்கமுங்க. இருவத்தெட்டு வருசம் விசைத்தறி. எனக்கு சுத்தலெல்லாம் இல்லீங்க, காது மந்தம். அதும் எனக்கு தெரியாதுங்க, ஊட்டுல டிவி சவுண்டுக்கு சண்டை வந்து தான் தெரிஞ்சுது. ஆம்பளைங்க பேசறது கேக்குமுங்க, பேத்தி பேசறது மட்டும் சத்தம் கேக்கும் வார்த்தை புரியாது. சாமியா சாமானான்னு கேட்டு கேட்டு அவளுக்கே சலிச்சு போச்சு.

என்கிட்ட டாக்டரம்மா கேட்டது என்னன்னா, "தறி ஓடறப்போ கைக்கெட்டற தூரத்துல நிக்கற ஆளுகிட்ட கத்தாம பேச முடியுமா?" எனக்கு சிரிப்பு வந்துருச்சுங்க. தறி குடோன்ல யாருங்க வாயில பேசறாங்க, பாவு அறுந்துச்சு நூல் தீந்துச்சு டீ வந்துச்சு எல்லாமே கை ஜாடையும் உதட்டு அசைவும் தான். அப்ப அந்த சத்தம் 85 டெசிபலுக்கு மேல தான், தினமும் எட்டு மணி நேரம் கேட்டா காது போயிருமுன்னாங்க. நாங்க பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டுங்க.

கண்ணாடி ரூம்புல உக்கார வச்சு காதுல மாட்டி, பீப் கேட்டா பட்டனை அமுத்துங்கன்னாங்க. பேப்பர்ல கோடு சமமா வந்துட்டு இருந்தது 4000 ஹெர்ட்ஸ்கிட்ட வந்ததும் கிணத்துல விழுந்த மாதிரி ஒரு பள்ளம், அப்பறம் 8000த்துல கொஞ்சம் ஏறுது. இந்த பள்ளத்தை பாத்தாலே சத்தத்துல கெட்ட காதுன்னு சொல்லிரலாமாமுங்க. ஸ, த, க மாதிரி எழுத்தெல்லாம் மேல் சத்தத்துல இருக்குதாம், அதனால தான் வார்த்தை புரியறதில்ல. காதுக்குள்ள சத்தத்தை வாங்கற முடி செல்லு செத்தா திரும்ப மொளைக்காதுங்களாம். பஞ்சு வெச்சுட்டு தானேங்க ஓட்டினேன்னு கேட்டேன், பஞ்சு பேருக்குத்தானாம், பெருசா ஒண்ணும் தடுக்காதாம். இதை யாராச்சும் இருவது வயசுல சொல்லியிருக்கலாம். இப்ப காது கேக்கற மெஷின் போட்டிருக்கறனுங்க. மொத நாள் நியூஸ்பேப்பர் மடிக்கற சத்தமே பட்டாசு மாதிரி இருந்துச்சு. பையனும் தறி தான் ஓட்டறான், அவனுக்கு காதுல மாட்டற மஃப் வாங்கி குடுத்திருக்கறேன், மாட்டறானான்னு தெரியல.

ஒத்தைக்காது

இதை நான் எழுதியே ஆகணும், யாராவது ஒருத்தருக்கு உதவும். எனக்கு 37 வயசு, சென்னை, ஐடி வேலை. ஒரு திங்கக்கிழமை காலைல எந்திரிச்சா வலது காது அடைச்சிருக்கு, ங்கொய்ங்னு ஒரு சத்தம். முந்தின நாள் மழைல நனைஞ்சேன், சளி தான்னு நெனச்சு மெடிக்கல் ஷாப்ல கேட்டேன், குரும்பி கரைய சொட்டு மருந்தும் சளி மாத்திரையும் குடுத்தாங்க. ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் ரிலீஸ் வேலை, அடுத்த வாரம் போலாம்னு தள்ளிப்போட்டேன். டாக்டர் முன்னாடி உக்காந்தது 24வது நாள்.

அவர் காதுக்குள்ள பார்த்தார், க்ளீனா இருக்குன்னார். அப்புறம் டியூனிங் ஃபோர்க்கை (தட்டினா ரீங்காரம் போடுற இரும்பு கவட்டை) தட்டி என் நெத்தி நடுவுல வச்சு எந்த காதுல கேக்குதுன்னு கேட்டார். இடது, நல்ல காதுலன்னேன். அவர் முகம் மாறிச்சு. குரும்பியோ சளியோ அடைச்சிருந்தா அந்த சத்தம் அடைச்ச காதுல தான் பலமா கேக்கணுமாம் (ஒரு காதை விரலால அடைச்சுட்டு ம்ம்ம்னு ஹம் பண்ணி பாருங்க, அடைச்ச பக்கம் தான் கேக்கும்). நல்ல காதுல கேட்டா கெட்ட பக்கம் உள்காது, நரம்பு பிரச்சினை. அடுத்த கேள்வி, எத்தனை நாளாச்சு? 24னு சொல்ல எனக்கு நாக்கு எழல.

திடீர் செவித்திறன் இழப்புன்னு சொல்றாங்க, மூணு நாளுக்குள்ள சட்டுனு போறது. பெரும்பாலும் காரணமே தெரியாதாம். ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிக்கணும், முதல் ரெண்டு வாரம் தான் முக்கியம். எனக்கு மாத்திரையோட சேர்த்து செவிப்பறை வழியாவும் ஊசி போட்டாங்க, நரம்புல கட்டி எதுவும் இல்லையான்னு எம்ஆர்ஐ எடுத்தாங்க, கட்டி இல்ல. கேக்குறது கொஞ்சூண்டு திரும்புச்சு, அவ்ளோதான். இப்ப ரோட்டை கடக்கும்போது ஹார்ன் எந்த பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது. ரெண்டு காது எதுக்குன்னு அப்ப தான் தெரிஞ்சுது. கல்யாண பந்தியில வலது பக்கம் உக்கார்றவங்க என்னை திமிர் புடிச்சவன்னு நெனச்சுகிட்டு போறாங்க.

மெடிக்கல் ஷாப் பையனை நான் குத்தம் சொல்லல, அவனுக்கு என்ன தெரியும். ஆனா சளி இல்லாம, வலி இல்லாம ஒரு காது சட்டுனு அடைச்சா அன்னைக்கே ஈஎன்டிகிட்ட போயிடுங்க சாமிகளா.

மீனாட்சி பட்டணம்

ஒத்தைக்காது தம்பி, படிச்சுட்டு மனசு கனத்துப்போச்சு. எனக்கு இதுக்கு நேர் மாறு. என்னையவும் டாக்டர் ஒண்ணு கேட்டாரு, "பஸ்ஸுல போகும்போது நல்லா கேக்குதாம்மா?"ன்னு. எப்படிய்யா தெரியும் இவருக்குன்னு அசந்துபோனேன். ஏன்னா வீட்டுல நான் செவிடு, ஆனா டவுன் பஸ்ஸுல கண்டக்டர் சொல்றது எனக்கு தான் முதல்ல கேக்கும். மிக்சி ஓடும்போது மாமியார் சொல்றதும் கேக்கும். வேணும்னு தான் கேக்காத மாதிரி நடிக்கிறான்னு வேற பேரு எனக்கு. விஷயம் என்னன்னா இரைச்சல்ல எல்லாரும் குரலை ஒசத்தி பேசுறாங்க, அந்த இரைச்சல் எனக்கு சரியா ஏறாததால பேச்சு மட்டும் தெளிவா விழுது.

நடுக்காதுல அங்கவடின்னு குட்டி எலும்பு, உடம்புலயே சின்னது, அரிசியில பாதி கூட இருக்காது. அது ஆடாம இறுகிப்போச்சாம். எங்கம்மாவுக்கும் இருந்திருக்கு, குடும்பத்துல வருமாம். எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தான் ரொம்ப மோசமாச்சு.

ஆபரேசன் முழு மயக்கம் குடுக்காம மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு பண்ணாங்க. எலும்புல ஓட்டை போட்டு ஒரு பிஸ்டன் வைக்கிறாங்க, நம்ம டூவீலர்ல இருக்கே அதே பேரு. வச்ச உடனே டாக்டர் மெதுவா "கேக்குதா?"ங்கிறாரு, கேக்குது! படுத்த வாக்குல கண்ணுல தண்ணி ஊத்துது, நர்சம்மா ஆடாதீங்க ஆடாதீங்கன்னு அதட்டுறாங்க. வீட்டுக்கு வந்து கட்டு பிரிச்சப்புறம் என் வளையல் சத்தமே எனக்கு தொந்தரவா இருந்துச்சு. ஒரே ஒரு குறை, நாக்குல ஒரு பக்கம் ருசி மாறிப்போச்சு, சாம்பார் வச்சா இரும்பை நக்குன மாதிரி. ருசி நரம்பு நடுக்காது வழியா தான் போகுதாம், ரெண்டு மாசத்துல சரியாயிருச்சு. அதுவரைக்கும் வீட்டுல எல்லாரும் உப்பு கூடின குழம்பு தான் தின்னாங்க, வாயை திறக்கல.

ராத்திரி விளக்கு

எங்கப்பா கதை சின்னது. 1990கள்ல டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டாங்க. டிபி போச்சு, கூடவே பேலன்ஸும் போச்சு. பகல்ல நல்லா நடப்பார், இருட்டுல விழுவார். நடக்கும்போது கடை போர்டெல்லாம் குதிக்குதுடான்னு சொல்லுவார், நாங்க கண்ணாடி மாத்தி மாத்தி குடுத்தோம். பத்து வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் தான் "அந்த காலத்துல ஊசி ஏதும் போட்டீங்களா?"ன்னு கேட்டார். ரெண்டு உள்காதுமே செத்துப்போச்சாம், அதனால தான் சுத்தல் இல்லாம தள்ளாட்டம் மட்டும். வைத்தியம்னு பெருசா இல்ல, பயிற்சி குடுத்தாங்க. வீடு பூரா ராத்திரி விளக்கு போட்டோம், அதுக்கப்புறம் விழல.

ஆடியோலஜிஸ்ட் ஒருத்தி

டெய்லி காது டெஸ்ட் பண்றவ நான், எவ்வளவு நேரம் சுத்துதுன்னு டீச்சரோட டாக்டர் கேட்டது ரொம்ப சரி. தலைசுத்தல்ல பாதி விடை நேரத்துல தான் இருக்கு. தலையை அசைச்சா செகண்ட் கணக்குல சுத்தினா துகள். மணிக்கணக்கா சுத்தி, அதோட ஒரு காது அடைச்சு இரைஞ்சு கேக்குறது கூடி குறைஞ்சா மெனியர் நோயா இருக்கலாம், 1861ல பாரிஸ்ல மெனியர்ங்கிற டாக்டர் தான் இது மூளைல ரத்தம் ஏறுறதால இல்ல காதுல வர்றதுன்னு சொன்னார். அவங்களுக்கு உப்பை குறைக்க சொல்லுவோம், நம்ம ஊர்ல ஊறுகா அப்பளம் கருவாட்டை விட சொன்னா அடுத்த விசிட்டுக்கு வர மாட்டாங்க. நாள் கணக்கா விடாம சுத்தினா பேலன்ஸ் நரம்பு வீக்கமா இருக்கும். ஒத்தைத்தலைவலிக்காரங்களுக்கு வர்ற சுத்தல் மட்டும் இந்த கணக்குல எதுலயும் அடங்காது. ஆனா சுத்தலோட பேச்சு குழறினாலோ, ரெண்டு ரெண்டா தெரிஞ்சாலோ, கை கால் மரத்தாலோ, நிக்கவே முடியலைன்னாலோ அது பக்கவாதமா இருக்கலாம், எங்ககிட்ட வராதீங்க, நேரா எமர்ஜென்சி.

பேலன்ஸ் பார்க்க காதுல தண்ணி விட்டு பண்ற டெஸ்ட்டுக்கு பின்னால ஒரு கதை இருக்கு. வியன்னால பாரனின்னு ஒரு டாக்டர் காதை கழுவும்போது தண்ணி ஜில்லுன்னு இருந்தா நோயாளிக்கு தலை சுத்துச்சு. சரின்னு சூடு பண்ணா அப்பவும் சுத்துது, ஆனா கண்ணு எதிர்ப்பக்கம் துடிக்குது. அதை புடிச்சு போய் 1914 நோபல் பரிசே வாங்கிட்டார், அறிவிப்பு வந்தப்ப மனுஷன் ரஷ்யால போர்க்கைதி. இன்னைக்கும் நாங்க 30 டிகிரி, 44 டிகிரி தண்ணி தான் விடுறோம்.

யூடியூப் பார்த்து எப்லி பண்றவங்களுக்கு, எந்த காதுன்னு தெரியாம பண்ணாதீங்க. போன வாரம் ஒருத்தர் பதினஞ்சு நாளா தப்பான பக்கத்துக்கு பண்ணிட்டு வந்தார். கழுத்து, முதுகு பிரச்சினை இருக்கவங்க வீட்ல தொடவே வேணாம்.

ஒரத்தநாடு டீச்சர்

எல்லாரும் எழுதினதுக்கு நன்றி. தறிக்காரண்ணே, பையனை ஒரு தடவை ஆடியோகிராம் (உங்களுக்கு எடுத்த அதே பீப் டெஸ்ட்) எடுக்க சொல்லுங்க, பள்ளம் விழுந்துருச்சான்னு அவனே பார்க்கட்டும்.

ஆடியோலஜிஸ்ட் மேடம், ஒரு சந்தேகம். முந்தாநாள்லேர்ந்து எனக்கு திரும்ப வந்திருக்கு, இந்த தடவை இடது பக்கம் புரண்டா தான். திரும்பி வர்றது சகஜம்னு டாக்டர் அப்பவே சொன்னார், விட்டமின் டி பார்க்க சொன்னார், நான் தான் பார்க்கல. காலைல சுத்தும்போது இந்த தடவை பயப்படாம ஒண்ணு ரெண்டு எண்ணினேன், இருவத்திரெண்டுல நின்னுச்சு. பொண்ணு ஊர்ல இல்ல, வீட்டுக்காரரை கண்ணை வீடியோ எடுக்க சொன்னா அவர் பதட்டத்துல மோட்டுவளையை எடுத்து வச்சிருக்கார். நாளைக்கு காலைல அப்பாயின்ட்மென்ட், அதுவரைக்கும் வலது பக்கமா படுத்துகிட்டா போதுமா?