மறுமொழி: "ஆல் பர்ப்பஸ் கார்ட்ரிட்ஜ்" – பல்வேட்டைத் தோட்டா?

அனைவருக்கும் வணக்கம். சிறிய விலங்கு முதல் பெரிய விலங்கு வரை பல வேட்டைக்கும் உதவும் ஒரே தோட்டா வகையை ஆங்கிலத்தில் "ஆல் பர்ப்பஸ் கார்ட்ரிட்ஜ்" என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழை இது. அதில் ஒருவர் எழுதியது:

> "பொதுநோக்குத் தோட்டா" என்று வைத்துவிடலாமே. தோட்டா, குண்டு, ரவை எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல ஐயா. இந்த இழையில் எந்தச் சொல்லை ஏற்றாலும் சரி, முதலில் தோட்டாவையும் குண்டையும் பிரித்தாக வேண்டும்.

நான் இருப்பது கனடாவின் கால்கரியில். உடன் வேலை செய்பவர் ஒருவர் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் கொடுத்த காலித் தோட்டா ஒன்று இதை எழுதும்போது மேசையில் நிற்கிறது. பித்தளை, 63 மி.மீ. உயரம், என் சுண்டுவிரல் அளவு. அடியில் 30-06 என்று பொறித்திருக்கிறது. நடுவே பொட்டு வைத்தாற்போல் ஒரு சின்ன மூடி, அதில் ஊசி குத்திய பள்ளம். கழுத்தோரம் கரி படிந்திருக்கிறது. அந்தக் கழுத்தில் செருகியிருந்த குண்டு பறந்துவிட்டது, வெடிமருந்து எரிந்துவிட்டது, உறை மட்டும் மிச்சம். உறை, பற்றவைப்பான் (அடியிலுள்ள அந்தச் சின்ன மூடி), மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப்பொருளே தோட்டா.

இது நானாகக் கட்டிய பிரிவு இல்லை. சுட்ட இடத்தில் பொறுக்கும் வெற்று உறையைக் "காலித் தோட்டா" என்றுதான் செய்தியில் எழுதுகிறார்கள். கிணறு வெட்டுகிறவர்கள் பாறையில் துளை போட்டு வைக்கும் வெடியும் தோட்டாதான். அதில் குண்டே கிடையாது, உறைக்குள் மருந்து மட்டும். பாய்வது என்றால் "குண்டு பாய்ந்தது" என்கிறோம். வழக்கு தெளிவாக இருக்கிறது, நாம்தான் குழப்பிக்கொள்கிறோம். ரவை ஈழத்தில் நன்றாகப் புழங்கும் சொல். ஆனால் தமிழகத்தில் ரவை என்றால் பொடிக் குண்டுகள்தான் நினைவுக்கு வரும். அதனால் இந்த இடத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

பிரிவு ஏன் அவசியம் என்பதற்கு இந்தத் தலைப்பே சாட்சி. வட அமெரிக்காவில் மான் போன்ற 50 கிலோ பிராங்ஹார்னும் உண்டு, மான்களிலேயே பெரிதான அரை டன் மூஸும் உண்டு. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா என்பது இங்குள்ள வேட்டைக்காரர்களின் தீராத பேச்சு. முயலுக்கு அம்பு, யானைக்கு வேல் என்று பிரித்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். 30-06 அதைச் சாதிப்பது உறையை மாற்றாமல் குண்டை மாற்றித்தான். மானுக்கு 150 கிரெயின் எடையுள்ள குண்டு, அதாவது 9.7 கிராம். எல்க்குக்கும் மூஸுக்கும் 180, பெருங்கரடிக்கு 220 கூடப் போடுவார்கள். தோட்டாவும் குண்டும் ஒன்றே என்றால், "ஒரே தோட்டாவில் வெவ்வேறு குண்டு" என்ற வாக்கியத்தை எப்படி எழுதுவது?

(கிரெயினை "மணி" ஆக்க வேண்டாம், குன்றிமணி எடையோடு குழம்பும். 1 கிரெயின் 64.8 மில்லிகிராம்.)

பெயரில் வரும் 30, குழல் விட்டத்தை அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது. 06, அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906. ஆகவே 30-06 என்பது கையிலிருக்கும் ஒரு தோட்டாவின் பெயர் அல்ல, அளவு வரையறுத்த ஒரு வகையின் பெயர். அந்தப் பொருளில் வரும்போது "தோட்டா வகை" என்று எழுதலாம். 1925-இல் வந்த 270 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை இதே உறைக் குடும்பம், கழுத்து ஒடுங்கியது. 1952-இன் 308 வின்செஸ்டர் உறை 51 மி.மீ. தான். 1963-இன் 300 வின்செஸ்டர் மேக்னம் இன்னும் வேகம், ஆனால் சுடும்போது துப்பாக்கி பின்னால் இடித்துத் தோளில் வாங்கும் பின்னுதையும் அதிகம். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும்போதே உடம்பைச் சுருக்குவான், குறி தவறும், குண்டு வயிற்றில் பட்ட மான் மைல் கணக்கில் ஓடி வதைபட்டுச் சாகும். எனக்கு இதுதான் பெரிய காரணம். தாங்கக்கூடிய உதையோடு மூஸ் வரை போதுமானதாக இருப்பதால் நான் 30-06 பக்கம்.

இனி அடைமொழி. "பொதுநோக்கு" எனக்கு ஒட்டவில்லை. இங்கே நோக்கம் ஒன்றே ஒன்று, வேட்டை. பலவாக இருப்பது விலங்கு. "பன்னோக்கு" மருத்துவமனைக்குப் பொருந்துகிறது, இதற்குப் பொருந்தாது. "சர்வ வேட்டை" என்றால் யானை, ஆப்பிரிக்கக் காட்டெருமை எல்லாம் உள்ளே வந்துவிடும். 30-06 அவ்வளவுக்குப் போதாது. பல்பொருள் அங்காடி போல "பல்வேட்டைத் தோட்டா" என்றால் அளவோடு நிற்கிறது. பல் என்றால் வாயிலுள்ள பல் என்று யாரும் படிக்க மாட்டார்கள், பல்கலைக்கழகத்தை அப்படிப் படிக்கிறோமா?

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "வட அமெரிக்காவுக்கு ஒரே ஒரு பல்வேட்டைத் தோட்டா வகை போதும் என்பவர்கள் பெரும்பாலும் 30-06-ஐக் காட்டுவார்கள், மூஸுக்குப் போகும்போது குண்டை மட்டும் 180-க்கு மாற்றுவார்கள்." தடுக்காமல் படிக்க முடிகிறது.

மேலே ரீகாயிலுக்குப் "பின்னுதை" என்று எழுதியிருக்கிறேன். அது சரிதானா, இதைவிட நல்ல சொல் ஏதும் புழக்கத்தில் இருக்கிறதா? அப்புறம், "பற்றவைப்பான்" கொஞ்சம் நீளம். சுருக்கமாக யாராவது சொன்னால் மாற்றிவிடுகிறேன்.