போன் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது?

செம்பூர் அம்மா:
மகளுக்கு இரண்டரை வயது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், பகலில் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ஒரு வாய் பருப்பு சாதம் உள்ளே போக வேண்டுமென்றால் போனில் பாட்டு ஓட வேண்டும். அதைவிடப் பெரிய பயம், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது. போன வாரம் யானைப் பாட்டில் ஆரம்பித்து, ஒரு பொம்மை இன்னொரு பொம்மையின் தலையைப் பிய்க்கும் வீடியோவில் போய் நின்றிருக்கிறது. ராத்திரி முழுக்கத் திடுக்கிட்டு எழுந்தாள். அத்தைக்குக் கண்ணாடி போட்டால்தான் திரை தெரியும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எப்படி மாற்றுவது?

மாட்டுங்கா மாமி:
நானும் பேரனைப் பார்த்துக்கொள்கிற பாட்டிதாம்மா. சாப்பாட்டு நேரத்தில் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. நாம் கையில் வைத்துக்கொண்டு குழந்தையிடம் கூடாது என்றால் எடுபடாது. ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவனுக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். முதலில் அழுகைதான், பாதி தரையில். ஊட்டித் திணிக்கவில்லை. பசித்தபோது தானே எடுத்தான். இப்போது தாதர் பக்கம் போகிற ரயில் வந்தால் ஒரு வாய், புறா வந்தால் ஒரு வாய்.

அப்புறம் ஒன்று. பயமாக ஏதாவது வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாட்டி, வேண்டாம்" என்று ஓடி வரச் சொல்லி விளையாட்டாகவே பழக்கினேன். அப்படி வந்தால் "எதை அமுக்கினே?" என்று ஒரு நாளும் அதட்டக் கூடாது. அதட்டினால் அடுத்த முறை ஒளித்துக்கொண்டு பார்க்கும். பெரியவனானாலும் நம்மிடம் சொல்ல வேண்டுமே, அதற்கு இந்த வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

அந்தேரி அப்பா:
யூடியூப் கிட்ஸில் பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கலாம். அப்போது குழந்தையால் தேடவும் முடியாது. டைமர் வைத்தால் நேரம் முடிந்ததும் ஆப் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் போட்டுவிட்டால் வேறு ஆப்புக்குத் தாவ முடியாது. பிளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள்.

தானே செவிலியர்:
உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்திலும் பக்கத்தில் உட்கார்ந்து, "யானை எங்கே போகுது?" என்று பேசிக்கொண்டே பாருங்கள். ஊரிலிருக்கும் தாத்தாவுடன் வீடியோ காலில் பேசுவதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

செம்பூர் அம்மா:
நன்றி மாமி, எல்லோருக்கும் நன்றி. அத்தையிடம் படித்துக் காட்டினேன். கிண்ணத்தை அவரே எடுத்து வைத்துவிட்டார். அத்தை போனிலும் பின்னிங் போட்டுவிட்டேன். இடையில் போன் வந்தால் எடுக்க முடியுமா?

அந்தேரி அப்பா:
சில மாடல்களில் மணி அடிக்காது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.