இடுப்பிலிருக்கும் பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்குமா? டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: "அண்ணா, டாலஸ் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எச்-1பி. ஆபீஸ் நண்பர் வீட்டில் பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் குனிந்தபோது சட்டைக்குக் கீழே பிஸ்டல் தெரிந்தது. அதற்கப்புறம் என் மனைவி சரியாகச் சாப்பிடவே இல்லை. குழந்தைகள் அவரைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அது நழுவி விழுந்தால் தானாக வெடித்துவிடாதா?"

தம்பி, பெரிய கம்பெனிகள் இப்போது செய்யும் பிஸ்டல் நல்ல நிலையில் இருந்தால், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து வெடிப்பது மிக அரிது. வெடிக்கவே வெடிக்காது என்று யாராவது சத்தியம் செய்தால் மட்டும் நம்பாதீர்கள். விழுகிற துப்பாக்கியைவிட, அதைப் பதறிப்போய்ப் பிடிக்கிற கைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரில் சுத்தியலை (பின்னாலிருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் பாகம்) இறக்கி வைத்தால் அதன் முனை தோட்டாவின் அடிப்பகுதியிலேயே போய் உட்காரும். சுத்தியல் தரையில் இடித்தால் போதும், வெடிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆறு குழியில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, காலிக் குழியின்மேல் சுத்தியலை இறக்கி வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1944-ல், கப்பல் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி சுத்தியலுக்கு வேறு மாதிரித் தடுப்பு வைத்தது. ருகர் கம்பெனி 1973-ல் தன் ரிவால்வர்களை மாற்றியது. விசையை (ட்ரிகரை) முழுக்க இழுத்தால்தான் சுத்தியலுக்கும் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கும் நடுவில் ஒரு பட்டை எழும்பி வரும், இல்லாவிட்டால் அடி ஊசிக்குப் போய்ச் சேராது. பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்கும் இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள். தாத்தா காலத்து ரிவால்வர் என்று யாராவது பெருமையாக எடுத்துக் காட்டினால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இப்போது எல்லார் இடுப்பிலும் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர் வகை, அதாவது சுத்தியல் இல்லாமல் உள்ளே ஸ்பிரிங்கில் இருக்கும் ஊசியே தோட்டாவைக் குத்துவது. 1980-களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த க்ளாக் பிஸ்டல் அதற்கு வழி போட்டது. அதில் மூன்று தடுப்புகள் உண்டு. விசையின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கை விரல் அழுத்தாமல் விசை பின்னால் போகாது. ஊசி போகும் பாதையில் ஒரு முளை குறுக்கே நிற்கும், விசையை இழுத்தால்தான் அது விலகும். ஊசியைப் பிடித்திருக்கும் சிலுவை வடிவத் தகடும், விசை கடைசிவரை போனால்தான் கீழே இறங்கி ஊசியை விடும். துப்பாக்கி தரையில் இடித்தால் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் விலக வேண்டும். அது சுலபமல்ல. இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இதே வழியில்தான் போகின்றன. 1911 என்ற பழைய பாணிப் பிஸ்டல் வகை வேறு கதை. அதில் ஊசித் தடுப்பு உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இல்லாதது குழல் கீழாக உயரத்திலிருந்து விழுந்தால் ஊசி தன் எடையிலேயே முன்னால் போய்த் தோட்டாவைக் குத்தலாம்.

"அப்படியானால் எல்லாமே பத்திரம்தானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் வருகிறது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது இந்தத் துப்பாக்கியின் ஒரு வடிவத்தைத்தான். அதே மாதம் கனெக்டிகட்டில் ஒரு போலீஸ்காரரின் பி320 ஹோல்ஸ்டரோடு (துப்பாக்கி உறையோடு) கீழே விழுந்து வெடித்து, குண்டு அவர் காலில் பாய்ந்தது. அந்த ஆகஸ்டில் டாலஸ் போலீஸ் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைத்தது. சில நாட்களிலேயே ஒரு துப்பாக்கிக் கடைக்காரர்கள் அதைப் பல கோணங்களில் கீழே போட்டு வீடியோ எடுத்தார்கள். ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் தரையில் இடித்தபோது சில துப்பாக்கிகள் வெடித்தன. காரணம் எளிமையானது. விசை என்ற பாகமே எடை கூடியதாக இருந்தது, நடுவில் நாக்கும் இல்லை. பஸ் திடீரென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே மாதிரி துப்பாக்கி தரையில் நின்றுவிட்டது, விசை மட்டும் தன் வேகத்தில் பின்னால் போனது. விசை போனால் உள்ளே இருக்கும் தடுப்பெல்லாம் வழிவிடும். விரல் இழுத்ததா, வேகம் இழுத்ததா என்று அவற்றுக்குத் தெரியாது.

கம்பெனி அதைத் திரும்பப் பெறுதல் என்று சொல்லவில்லை, விருப்பப்பட்டால் மேம்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அனுப்பினால் விசையின் எடையைக் குறைத்து, வேறு சில பாகங்களையும் மாற்றித் தந்தார்கள். ராணுவத்துக்குக் கொடுத்த துப்பாக்கியிலும் இதே கோளாறு சோதனையில் தெரிந்து, அங்கேயும் எடை குறைந்த பாகங்கள் போட்டிருக்கிறார்கள் என்பது பின்னால் அரசு அறிக்கையிலேயே வந்தது. அப்புறம் விழாமலே வெடித்தது என்று நிறைய வழக்குகள். 2024-ல் ஜார்ஜியாவிலும் பிலடெல்ஃபியாவிலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். கம்பெனி குறையே இல்லை என்கிறது, பல வழக்குகளில் அதற்குச் சாதகமாகவும் முடிந்திருக்கிறது. இந்தச் சண்டையில் நான் நடுவரல்ல. ஆனால் 2017 ஆகஸ்டுக்கு முந்தைய பி320 மேம்படுத்தப்படாமல் யாரிடமாவது இருந்தால், அதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரியக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. அந்தத் துப்பாக்கி வழக்கமான சோதனைகளில் எல்லாம் தேறியதுதான். இங்கே துப்பாக்கித் தொழில்துறைச் சங்கத்தின் சோதனை, நாலடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின்மேல் போடுவது. கலிஃபோர்னியாவில் 2001-லிருந்து சட்டப்படி ஒரு சோதனை உண்டு: ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலான உயரம், கான்கிரீட் தளம், ஆறு விதமாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஏழாவது விதமாக விழுந்தால்? அதைத்தான் அந்த வீடியோ காட்டியது. உள்நாட்டில் செய்யும் பிஸ்டலுக்கு நாடு முழுவதற்குமான கட்டாய விழுதல் சோதனை கிடையாது. பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் செய்யலாம், நிஜத் துப்பாக்கியில் அதற்கு அதிகாரமே இல்லை. இங்கே வந்த புதிதில் இதை நான் நம்பவில்லை.

சரி, கை விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஜூனில் டென்வரில் ஒரு மதுக்கூடத்தில் எஃப்பிஐ ஆள் ஒருவர் நடனமாடிக்கொண்டே குட்டிக்கரணம் போட்டார். இடுப்பிலிருந்து பிஸ்டல் தரையில் விழுந்தது, வெடிக்கவில்லை. அவர் அவசரமாக அதை அள்ளி எடுத்தார், அப்போதுதான் வெடித்தது. பக்கத்தில் இருந்தவர் காலில் குண்டு. 2008-ல் நியூயார்க்கில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரஸுக்கு நடந்ததும் இதே வகைதான். ஹோல்ஸ்டர் இல்லாமல் தளர்ந்த பேன்ட்டில் செருகியிருந்த பிஸ்டல் நழுவியது, பிடிக்கப் போனார், சொந்தத் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அந்த ஊரில் அனுமதி இல்லாமல் வைத்திருந்ததற்காகச் சிறைக்கும் போனார்.

அதனால் உங்கள் முன்னால் ஒரு பிஸ்டல் நழுவினால், பிடிக்கப் போகாதீர்கள், காலாலும் தடுக்காதீர்கள். பின்வாங்குங்கள், குழந்தைகளை இழுத்துக்கொள்ளுங்கள், விழட்டும். எடுப்பது உரியவர் வேலை. அடுத்த முறை நண்பரைப் பார்க்கும்போது அவருடைய ஹோல்ஸ்டரைக் கவனியுங்கள். விசையை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் என்றால் அவர் யோசித்து வைத்திருப்பவர். ஹோல்ஸ்டரே இல்லாமல் பேன்ட்டுக்குள் செருகியிருந்தால் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்புங்கள்.

எல்லாரும் இப்படியா என்றால், இல்லை. ஆனால் டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிறைந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். கடை வாசலில் 30.06, 30.07 என்று எண் போட்ட பெரிய அறிவிப்புகள் பார்த்திருப்பீர்கள். அவை இங்கே துப்பாக்கி கொண்டுவராதே என்பதற்கான சட்ட அறிவிப்புகள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "வா, ஒரு தடவை ரேஞ்சுக்குப் போய்ச் சுடலாம்" என்று அந்த நண்பரே கூப்பிடுவார். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வாடகைத் துப்பாக்கிக்கும் அது பொருந்தும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் அந்த விலக்கை நம்பிக் கை வைக்காதீர்கள். தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம், நாடு கடத்தவும் செய்யலாம். ஃப்ளோரிடாவில் படிக்க வந்து, படிப்பு நின்ற பிறகும் தங்கிவிட்ட ஒரு மாணவர், ரேஞ்சில் போய்ச் சுட்டதற்காக வழக்கில் மாட்டினார். அந்த வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. "அவன் துப்பாக்கிதான், சும்மா பிடித்துப் போட்டோ எடுத்தேன்" என்ற படம்கூட ஃபேஸ்புக்கில் வேண்டாம்.

கேள்வி: "அண்ணா, எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. ஹூஸ்டனில் ராத்திரி ஷிஃப்ட். ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். விழுந்தால் வெடிக்காத மாடல் எது?"

தங்கச்சி, கிரீன் கார்டு என்றால் தடையில்லை. மாடல் பெயர் கேட்பதைவிட, ஊசித் தடுப்பு உள்ளதா, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வந்ததா என்று கம்பெனித் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள், முக்கியமாக பழையது வாங்கினால். டாரஸ் கம்பெனியின் சில பழைய மாடல்கள் விழுந்தால் வெடிக்கும் என்று வழக்குப் போட்டு, 2015-ல் சமரசம் ஆனது. அவை இன்னும் இரண்டாம் கையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விசையை இழுப்பது சுலபமாகட்டும் என்று ஆன்லைனில் உதிரிபாகம் வாங்கிப் போடாதீர்கள், கம்பெனி வைத்த தடுப்பை நாமே கெடுத்ததாகிவிடும். ஒரு தடவை பலமாக விழுந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி இடுப்பில் வையுங்கள். இன்னொன்று, பிஸ்டலுக்குச் சொன்னதை ரைபிளுக்கும் ஷாட்கனுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷாட்கன்களில் பெரும்பாலானவற்றின் சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே தோட்டா இருக்க அதை அலமாரியில் சாய்த்து வைப்பது கூடவே கூடாது.

கேள்வி: "பையன் பள்ளித் தோழன் வீட்டுக்கு விளையாடப் போகிறான். அவர்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா?"

நினைக்க மாட்டார்கள் அக்கா. இங்கே அது ஒரு சாதாரணக் கேள்வி. உணவு ஒவ்வாமை பற்றி மெசேஜ் அனுப்பும்போதே, "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கிறது?" என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள். டெக்சாஸ் சட்டப்படி, கவனக்குறைவால் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி போனால், வைத்திருந்தவர்மேல் வழக்கு வரும், அதனால் அவர்களுக்கும் இது புதிதல்ல. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் பெட்டகத்தைத் திறந்தே காட்டுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பையனை நம் வீட்டுக்கு அழைத்துவிடுங்கள். சிக்கன் பிரியாணி என்று சொன்னால் அவன் அம்மாவும் சேர்ந்தே வருவார்.