அப்பத்தா வீடு குழு: மெழுகும் மசாலாவும்

செல்லூர் மாமா, இரவு 8.04
(பலமுறை பகிரப்பட்டது)
எச்சரிக்கை! நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மெழுகு பூசுகிறார்கள். அது வயிற்றை விட்டுப் போக 4 நாள் ஆகும். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு உடனே அனுப்புங்கள்!

மதினி, 8.09
இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குட்டி வாரத்தில் 4 நாள் சாயங்காலம் அதைத்தான் சாப்பிடுகிறான். பள்ளிக்கூட வேன் 4.30க்கே வந்துவிடுகிறது. நான் கடையிலிருந்து வீடு வந்து சேர 7.30. மதியச் சோறு ஆறிப்போயிருந்தால் தொடமாட்டான்.

திருநகர் அக்கா, 8.15
மதினி, பயப்படாதீர்கள். மெழுகெல்லாம் கிடையாது. தம்பி, இதைத்தானே நீ படிக்கிறாய், கொஞ்சம் சொல்லேன்.

நான், 8.22
ஆமாம் அக்கா. மைதா மாவைப் பிசைந்து தகடாகத் தேய்த்து, நூலாக வெட்டி, ஆவியில் வேகவைப்பார்கள். அப்புறம் எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிப்பார்கள். 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கொண்டுவந்த முறை இது. அப்பளம் பொரிக்கும்போது குமிழ் வருகிறதல்லவா, அதே மாதிரி உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். கொதிநீர் அந்த ஓட்டைகளில் ஏறுவதால்தான் சீக்கிரம் வெந்துவிடுகிறது. ஈரம் போய்விடுவதால் மாதக்கணக்கில் கெடாது. இதில் மெழுகுக்கு வேலையே இல்லை.

செல்லூர் மாமா, 8.24
அப்படியானால் 2015இல் தமிழ்நாட்டில் ஏன் தடை போட்டார்கள்? எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான், 8.29
அது ஈயம் சம்பந்தப்பட்டது மாமா. மேகியில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாக ஜூன் மாதம் நாடு முழுக்கத் தடை வந்தது. ஆகஸ்ட்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, வேறு ஆய்வகங்களில் திரும்பச் சோதிக்கச் சொன்னது. அதில் அளவுக்குள் இருப்பதாக முடிவு வந்து, நவம்பரில் கடைக்குத் திரும்பியது. மெழுகுப் பேச்சு அதிலும் இல்லை.

பெரியப்பா, 8.31
அந்த அஜினமோட்டோ?

நான், 8.33
தக்காளியில் இயல்பாகவே இருக்கிற குளுட்டமேட்தான் பெரியப்பா. வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஆபத்தில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

திருநகர் அக்கா, 8.36
மெழுகைத் தேடிக்கொண்டிருந்தால் உப்பை விட்டுவிடுவோம். மதினி, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மதினி, 8.41
(படம்)
எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது. 100 கிராமில் கொழுப்பு 14 கிராம், சோடியம் 1100 மில்லிகிராம். பாக்கெட் 70 கிராம்.

திருநகர் அக்கா, 8.52
அப்படியானால் ஒரு பாக்கெட்டில் சோடியம் 770 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. கிட்டத்தட்ட 2 கிராம் வருகிறது. பெரியவர்களே நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டி எடுத்த ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். காலை இட்லிச் சட்னி, மதியக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். என் மருமகன் குட்டிக்கு 9 வயது. அவனுக்கு அதையும்விடக் குறைவு. கொழுப்பு 10 கிராம். மைதா என்பதால் நார்ச்சத்தும் சொற்பம், அரை மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும்.

நான் 11 வருடமாக டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறேன். நாலு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருப்பார்கள். தாகம் தாங்காமல் ஒரு வாய் தண்ணீர் கேட்பார்கள், அதையும் அளந்துதான் கொடுப்போம். அவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது பிரஷரும் சர்க்கரையும்தான். நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. உப்பு நாக்கு சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது, அதுதான் என் பயம்.

நான், 8.55
2014இல் கொரியாக்காரர்களின் விவரங்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது அக்கா. வாரம் இரண்டு தடவையோ அதற்கு மேலோ சாப்பிட்ட பெண்களிடம் தொப்பை, பிரஷர், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வருகிற நிலை அதிகம் இருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. நூடுல்ஸ்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஹாஸ்டலில் ராத்திரி 11 மணிக்குக் கெட்டிலில் போடுவதை நான் குறைத்துக்கொண்டேன்.

பெரியப்பா, 9.03
நான் ஒன்று சொல்ல வேண்டும். குட்டி தனியாகச் சாப்பிடுவதில்லை. நானும் சாப்பிடுகிறேன். பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் ஒரு அழுத்து அழுத்துவான், கட்டி மளுக்கென்று உடையும். மசாலாப் பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கிழிப்பான். அடுப்பைப் பற்ற வைப்பது மட்டும்தான் என் வேலை, மீதியெல்லாம் அவன். தட்டில் போட்டு "தாத்தா, உங்களுக்கு" என்று நீட்டும்போது எப்படி வேண்டாம் என்பது? கடைசியில் அந்தச் சாற்றையும் நான்தான் குடித்துவிடுவேன்.

திருநகர் அக்கா, 9.05
அப்பா! போன வாரம் பிரஷர் 160/100 இருந்ததே! டாக்டர் ஊறுகாய், கருவாடு எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாரே!

பெரியப்பா, 9.06
நூடுல்ஸைக் கேட்கவில்லை அம்மா. அதில் உப்பு இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. காரமாகத்தான் இருந்தது.

மதினி, 9.08
தப்பு என்னுடையதுதான் மாமா. எளிதாக இருக்கிறதே என்று மொத்தமாக வாங்கி அடுக்கினேன்.

திருநகர் அக்கா, 9.17
யார் தப்பும் இல்லை மதினி. கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறீர்கள். பசித்த பிள்ளை தானே ஒன்றைச் செய்து, சுடச்சுடத் தாத்தாவுக்கும் கொடுக்கிறான். அது நல்ல விஷயம், அதை நிறுத்தக் கூடாது. சனிக்கிழமை மட்டும் நூடுல்ஸ். மசாலா பாதிதான், உப்பில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. வெந்த தண்ணீரை வடித்துவிட்டு அப்புறம் மசாலாவைப் போடச் சொல்லுங்கள், எண்ணெயும் கொஞ்சம் போகும். கேரட், பீன்ஸ், ஒரு முட்டை. அப்பா, சாறு உங்களுக்குக் கிடையாது. நாளைக்கே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், நானும் கூட வருகிறேன்.

அப்பத்தா, 9.24 (குரல் செய்தி, நான் கேட்டு எழுதியது)
மற்ற நாளைக்கு நான் இருக்கிறேன். காலையில் இடியாப்பம் நாலு கூடப் பிழிந்து வைக்கிறேன். சாயங்காலம் உதிர்த்துவிட்டு, கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துப் போட்டுப் புரட்டினால் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தை அவனே பிழியட்டும். அதுவும் நூல் நூலாகத்தானே இருக்கிறது!

செல்லூர் மாமா, 9.27
நான் போட்டதை அழித்துவிட்டேன். வேறு இரண்டு குழுவிலும் போட்டிருந்தேன், அங்கேயும் அழிக்கிறேன்.

மதினி, 9.31
குட்டி பக்கத்தில்தான் இருக்கிறான். "அத்தை, பாதி மசாலா போட்டால் மீதியை என்ன செய்வது?" என்று கேட்கச் சொல்கிறான்.

திருநகர் அக்கா, 9.32
ஓரத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு ஆகும்.