காது மந்தம்: அரசியல் நிருபர் வேலை சரிப்படுமா?

மாவட்ட நிருபர்:
ஒரு நாளிதழில் ஆறு வருடமாக இருக்கிறேன். அரசியல் செய்திப் பக்கம் போக ஆசை, பிற்பாடு ஒரு புத்தகமும் எழுத வேண்டும். ஆனால் இடது காது சுத்தமாகக் கேட்காது, வலதும் பாதிதான். பிரஸ் மீட்டில் பக்கத்து ஆளிடம் கேட்டு எழுதுகிறேன். போன மாதம் ஒரு தொகையைத் தப்பாக எழுதி, மறுநாள் திருத்தம் போட வேண்டியதாயிற்று. பேசாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தி திருத்தும் டெஸ்க் வேலைக்கே போய்விடலாமா?

பழைய உதவி ஆசிரியர்:
தம்பி, ஐ.எஃப். ஸ்டோன் என்று வாஷிங்டனில் ஒரு பத்திரிகையாளர் இருந்தார். அவருக்கும் காது மந்தம்தான். கூட்டங்களில் உட்கார்ந்து பயனில்லை என்று, அரசு அச்சடித்துத் தள்ளுவதை, பின்னிணைப்பு வரைக்கும், படிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். 1952இல் அவர் இருந்த நாளிதழ் மூடிவிட்டது. செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டுகள் என்று ஆட்களை வேட்டையாடிய காலம், இடதுசாரி என்று பேர் வாங்கியவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 1953 ஜனவரியில் தானே நாலு பக்க வார இதழ் தொடங்கினார். வருடச் சந்தா 5 டாலர், சந்தாதாரர் ஐயாயிரத்துச் சொச்சம். சந்தாக் கணக்கெல்லாம் மனைவி எஸ்தர் கையில். 1971இல் நிறுத்தும்போது சுமார் 70,000 பேர்.

1957 செப்டம்பரில் நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டு சோதனை நடந்தது. 200 மைலுக்கு அப்பால் அதிர்வு பதிவாகவில்லை என்று அணுசக்தி ஆணையம் பிறகு சொன்னது. அப்படியானால் ரஷ்யா திருட்டுத்தனமாக வெடித்தாலும் தெரியாது, சோதனைத் தடை ஒப்பந்தம் வீண் என்றாகிவிடும். ஆனால் ரோமிலும் டோக்கியோவிலும் பதிவானதாக அப்போதே பேப்பரில் வந்த துண்டுச் செய்தி ஸ்டோனுக்கு ஞாபகம் இருந்தது. நிலநடுக்கப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். 2,000 மைலைத் தாண்டி, அலாஸ்காவரை பதிவாகியிருந்தது! ஆணையம் அறிக்கையைத் திருத்தியது. இதில் காதுக்கு என்ன வேலை?

இன்னொரு வாசகர்:
ஐயா நல்ல பக்கத்தை மட்டும் சொல்கிறார். கொரியப் போர் பற்றி 1952இல் அவர் போட்ட புத்தகமும் இதே முறையில் எழுதியதுதான். தென் கொரியத் தரப்பு மீது சந்தேகம் கிளப்பினார். சோவியத் ஆவணங்கள் வெளிவந்தபோது, ஸ்டாலின் சம்மதத்தோடு வடக்குதான் படையெடுத்தது என்று உறுதியாயிற்று. அச்சில் வராததும் ஒன்று உண்டல்லவா?

பழைய உதவி ஆசிரியர்:
அது சறுக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1956இல் மாஸ்கோ போய்வந்து அந்த ஆட்சியைக் கடுமையாக எழுதியதும் அவர்தான். சில நூறு சந்தா போயிற்று. அப்புறம், புத்தகம் என்றீர்களே தம்பி: இதழை நிறுத்திய பிறகு பண்டைக் கிரேக்கம் கற்றுக்கொண்டு, சாக்ரடீஸ் வழக்கு பற்றி 80 வயதில் எழுதி வெளியிட்டார். உங்களுக்கு அவசரமில்லை.

மாவட்ட நிருபர்:
நன்றி ஐயா. ஒரு துறையின் போன வருடக் கொள்கை விளக்கக் குறிப்பை நேற்று இரவு பின்னிணைப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பணை கட்டி முடித்ததாக இருக்கிறது. அந்தப் பக்கம் போய் நாளாச்சு. காலையில் வண்டியை எடுக்கிறேன்.