தாத்தா காலத்து தகடு பாடி வாக்யூம் கிளீனர் இன்னும் ஓடுது, நான் வாங்குனது 3 வருஷத்துல அவுட். ஏன் இப்படி?

தூசிதட்டி:
வணக்கம் மக்களே, மோட்டார் வேலை தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்கன்னு நம்பி கேக்கறேன். எங்க தாத்தா வாங்குன வாக்யூம் கிளீனர் ஒண்ணு வீட்ல இருக்கு. உருளை மாதிரி படுத்துக்கெடக்கும், பாடி முழுக்க தகடு, அடியில சறுக்கிட்டு போறதுக்கு ரெண்டு பட்டை, உள்ள துணிப்பை. எனக்கு நெனவு தெரிஞ்சதுலேருந்து இருக்கு, அப்படின்னா குறைஞ்சது 35 வருஷம். சின்ன வயசுல அது மேல ஏறி உக்காந்து குதிரை ஓட்டிருக்கேன், தாத்தா வாய் வலிக்க திட்டுவாரு, அதுக்கு ஒரு கீறல் கூட விழுந்ததில்ல.

3 வருஷம் முன்னாடி நான் ஒண்ணு வாங்குனேன், பை இல்லாத மாடல், கண்ணாடி மாதிரி டப்பா. மொத வருஷமே டப்பாவை புடிச்சு வெக்கிற கொக்கி உடைஞ்சுது, நகத்தளவு பிளாஸ்டிக், அவ்ளோதான், ஆனா அது இல்லாம டப்பா நிக்காது, டேப் சுத்தி ஓட்டுனேன். அப்புறம் ஹோஸ் கழுத்துல கிழிஞ்சுது. போன மாசம் ஓடிட்டு இருக்கும்போதே ஒரு கருகல் வாடை, முடிஞ்சுது. சர்வீஸ்ல கேட்டா மோட்டாரை மட்டும் திறந்து பாக்க முடியாது சார், மொத்த செட்டா மாத்தணும், அதுக்கு புதுசே வாங்கிடலாம்னு கூசாம சொல்றாங்க.

கடுப்புல பரண்லேருந்து தாத்தாவோடத எறக்கி சொருகுனேன். ஓடுது! ஆனா பின்னாடி காத்து வர்ற ஓட்டை வழியா பாத்தா உள்ள பொறி பறக்குது, தொட்டா லேசா சுள்ளுனு இருக்கு. பழசெல்லாம் நெசமாவே ஸ்ட்ராங்கா, இல்ல எனக்குத்தான் தாத்தா பாசமா? இதை தைரியமா யூஸ் பண்ணலாமா?

காயில்கட்டி:
மொதல்ல பிளக்கை புடுங்குங்க. சுள்ளுனு இருக்குன்னு இவ்ளோ சாதாரணமா சொல்றீங்க. தகடு பாடி, உங்க பிளக்ல எர்த் பின் இருக்கா பாருங்க, பழசுல முக்காவாசிக்கு ரெண்டு பின்தான். கார்பன் பிரஷ்னா சுத்தற செம்பு உருளையை ஒரசிக்கிட்டே கரண்ட் குடுக்கற சின்ன கரித்துண்டு, அது தேஞ்ச தூள் கரண்ட் கடத்தும், வருஷக்கணக்கா அது உள்ள படிஞ்சு பாடிக்கு லீக் ஆகும். வயர் மேல இருக்கற ரப்பரும் வெடிச்சிருக்கும். அதை முடிக்காம மேல பேசாதீங்க.

இப்ப கேள்விக்கு வரேன், நான் மோட்டார் கட்டறவன், இந்த ரெண்டு வகையும் டேபிள்ல வருது. தகடு இருக்கறதால உழைக்குதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. தகடு நீங்க குதிரை ஓட்டறதுக்கு ஒதவும், மோட்டாருக்கு அதுக்கும் சம்பந்தம் கம்மி. உள்ள இருக்கறது ரெண்டுலயும் ஒரே ஜாதி, யுனிவர்சல் மோட்டார், மிக்ஸில இருக்கே அதேதான். அதுல தேயறது ரெண்டே ரெண்டு, கார்பன் பிரஷ், பேரிங். பழசுல பிரஷ்ஷுக்கு வெளியிலேருந்தே கழட்டற மாதிரி மூடி இருக்கும், திருகுனா ஸ்பிரிங்கோட வந்துரும், புதுசு போட்டா இன்னும் சில வருஷம். புதுசுல அதே பிரஷ்ஷை பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள அமுக்கி மூடிடறான், அது தேஞ்சா மொத்த மோட்டாரும் குப்பை. தேயற சாமான் தேயத்தான் செய்யும், அதை மாத்த வழி வெச்சானா இல்லையாங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

அப்புறம் ஸ்பீடு. பழசு பெரிய ஃபேன், நிதானமா சுத்தும், கனமான செம்பு. இப்ப சின்ன மோட்டார், நிமிஷத்துக்கு 30,000 சுத்துக்கு மேல ஓட்டறான். சுத்து ஏற ஏற பேரிங், பிரஷ் ரெண்டும் சீக்கிரம் தேயும். உங்க புது மெஷின் கருகுனதுக்கு என் யூகம், ஃபில்டர் அடைச்சிருக்கும். பெரும்பாலும் இழுக்கற காத்துலயே மோட்டாரை குளிர வெக்கிறான், வழி அடைச்சா காத்து இல்ல, சூடு எகிறும். அடைக்கும்போது சத்தம் கீச்சுனு ஏறும் கவனிச்சிருக்கீங்களா? கஷ்டப்பட்டு இழுக்குதுன்னு நெனைப்பாங்க. உண்மையில தள்ள காத்து இல்லாம லோடு கொறைஞ்சு வேகமா சுத்துது. அந்த சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணணும்.

கணக்குப்புள்ள:
காயில்கட்டி அண்ணன் சொன்னதுல மோட்டார் பத்தி எதிர்ப்பேச்சு இல்ல. ஆனா ஒண்ண யோசிங்க தூசிதட்டி, உங்க தாத்தா வாங்குன அதே வருஷம் வித்த மத்த மெஷின் எல்லாம் எங்க? முக்காவாசி எப்பவோ காயலான் கடைக்கு போயிருச்சு, நம்ம கண்ணுல படறது தப்பிச்சு நின்னது மட்டும்தான். அதுவும் அந்த காலத்துல இதெல்லாம் பெரிய செலவு, வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து தொடைச்சு பத்திரமா வெச்சிருப்பாங்க. நீங்க உங்களோடத எப்படி ஓட்டுனீங்கன்னு நெஞ்ச தொட்டு சொல்லுங்க.

புதுசு எல்லாம் மட்டம்னும் சொல்ல முடியாது. ஐரோப்பிய யூனியன்ல 2013ல ஒரு விதி போட்டாங்க, அதுல 2017 செப்டம்பர்லேருந்து மோட்டார் குறைஞ்சது 500 மணி நேரம் ஓடணும், ஹோஸை 40,000 தடவை ஆட்டுனாலும் யூஸ் பண்ற நெலமையில இருக்கணும்னு இருக்கு. 500 மணி நேரம்னா கம்மியா தோணும், வாரம் ஒரு மணி நேரம்னு போட்டு பாருங்க, ஒம்பதரை வருஷம் வருது. தினம் அரை மணி நேரம் ஓட்டுனா மூணு வருஷம் கூட வராது. அதே விதியிலதான் வாட்டும் 900க்கு கீழன்னு கட்டுனாங்க, அதுக்கு முன்னாடி 2000 வாட்னு அட்டைப்பெட்டியில கொட்டை எழுத்துல போட்டு வித்துட்டு இருந்தாங்க, வாட்டுங்கறது அது குடிக்கற கரண்ட்தான், இழுக்கற பலம் இல்ல.

மூக்கடைப்பு:
யாரும் தூசியை பத்தியே பேசலையே, மெஷினோட வேலையே அதானே! எனக்கு தூசி அலர்ஜி, அதனால சொல்றேன். பழைய துணிப்பை பெரிய மண்ணை புடிக்கும், மாவு மாதிரி இருக்கற தூசி முன்னாடி போய் பின்னாடி வந்துரும். வெயில் விழற எடத்துல ஓட்டி பாருங்க, காத்து வர்ற பக்கம் பொகை மாதிரி தெரியும். எங்க அத்தை வீட்ல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அவங்க பெருக்கி முடிக்கறதுக்குள்ள நான் இருபது தும்மல் போட்டிருப்பேன். ஹெச்13 தர ஹெப்பா ஃபில்டர்னா, அதாவது நைஸ் தூசி புடிக்கற ஃபில்டர்னா, 99.95 சதவீதம் புடிக்கணும், அதுவும் ஓரத்துல காத்து கசியாம ரப்பர் சீல் இருந்தாத்தான். பழசை வெச்சுக்கறதுன்னா துணிப்பைக்குள்ள பேப்பர் பை போடற மாதிரி ஏதாவது பண்ணுங்க.

தூசிதட்டி:
எல்லாருக்கும் நன்றி, கணக்குப்புள்ள கேட்டதுக்கு வெக்கத்தோட ஒத்துக்கறேன், வாங்குனதுலேருந்து ஃபில்டரை ரெண்டு தடவைதான் கழுவிருக்கேன், அதுலயும் ஒரு தடவை சரியா காயாமயே மாட்டிட்டேன். வீட்ல சுவத்தை ஒடைச்சு வேலை பாத்தப்ப சிமெண்ட் தூளும் அதுலதான் இழுத்தேன்.

இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, தாத்தாவோடத பிரிச்சேன். பின் மூடியில 4 ஸ்க்ரூ, அவ்ளோதான், எல்லாமே தட்டை தலை, ஒரே சைஸ். மோட்டார் ரப்பர் வளையத்துல உக்காந்திருக்கு, அந்த ரப்பர் மட்டும் கல்லு மாதிரி ஆயிருச்சு. காயில்கட்டி அண்ணா சொன்ன மாதிரியே ரெண்டு பக்கமும் பிரஷ் மூடி இருக்கு, திருகுனதும் ஸ்பிரிங் டக்குனு எகிறி கட்டிலுக்கு அடியில போயிருச்சு, அரை மணி நேரம் டார்ச் அடிச்சு தேடுனேன். ஒரு பிரஷ் 12 மி.மீ. இருக்கு, இன்னொண்ணு 5 கூட இல்ல, ஓரம் உடைஞ்சிருக்கு. செம்பு உருளை கரேல்னு இருக்கு. வயர் சொருகற எடத்துல வளைச்சா ரப்பர் பொலபொலன்னு உதிருது.

ஒரு சந்தோஷம், மூடிக்கு உள்பக்கம் தாத்தா பென்சில்ல ரெண்டு தேதி எழுதி வெச்சிருக்காரு, பக்கத்துல "பிரஷ்"னு. அப்ப அவரே ரெண்டு தடவை மாத்திருக்காரு!

காயில்கட்டி:
பாருங்க, உங்க கேள்விக்கு தாத்தா அப்பவே பதில் எழுதி வெச்சிருக்காரு.

பிரஷ் மாத்தும்போது ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. அகலமும் தடிமனும் பழசோட அளவுதான் வேணும், நீளம் கொஞ்சம் அதிகமா இருந்தா பரவால்ல. அந்த கறுப்பு உருளைக்கு நைஸ் உப்புத்தாளை லேசா சுத்தி தேயுங்க, எமரி தாள் மட்டும் வேண்டாம், அதோட துகள் கரண்ட் கடத்தும், உருளையில இருக்கற செம்பு பட்டைகளுக்கு நடுவுல மாட்டிக்கும். அப்புறம் பட்டை இடுக்குல இருக்கற கார்பன் தூளை பழைய டூத் பிரஷ் வெச்சு எடுங்க. புது பிரஷ் உருளையோட வளைவுக்கு உக்கார நேரம் எடுக்கும், ஹோஸ் மாட்டாம அரை மணி ஓட விடுங்க. சின்னதா நீலப்பொறி இருந்தா சரி, உருளையை சுத்தி வளையம் மாதிரி நெருப்பு ஓடுனா நிறுத்திட்டு எடுத்துட்டு வாங்க, வைண்டிங், அதாவது உள்ள சுத்தியிருக்கற செம்புக் கம்பி, போயிருக்கலாம்.

வயர் மூணு கம்பி உள்ளதா போட்டு, பச்சையை பாடியில பெயிண்ட் சுரண்டிட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. பிளக் சொருகறதுக்கு முன்னாடி மெக்கர் (கரண்ட் லீக் இருக்கான்னு பாக்கற மீட்டர்) வெச்சிருக்கறவர்கிட்ட பாடிக்கும் லைனுக்கும் பாத்துருங்க, 1 மெகா ஓமுக்கு கீழ வந்தா ஓட்டாதீங்க.

தூசிதட்டி:
சரிண்ணா, பிரஷ்ஷும் வயரும் சொல்லியாச்சு. கல்லா போன அந்த ரப்பர் வளையத்துக்கு மட்டும் என்ன பண்றதுன்னு சொல்லுங்க, வெளி விட்டம் 110 மி.மீ. இருக்கு, சைக்கிள் டியூபை வெட்டி ரெண்டு சுத்து சுத்துனா தாங்குமா?