மறுமொழி: மறுமொழி: ஒடியல் கொட்டிலுக்கு உலர்த்தி – காசு கேட்டது

உறவுகளுக்கு,

மச்சாள் ஊரிலயிருந்து அனுப்பின படத்தை எல்லாரும் பாத்திருப்பியள். ஒடியல் கொட்டில்ல சாக்கு நிறையப் புழுக்கொடியல் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு), மேல சாம்பல் பூஞ்சணம். அடுத்த நாளே கொட்டிலுக்கு மின்சார உலர்த்தி வாங்கக் காசு வேணுமெண்டு சங்கச் செயலாளரின்ர மடல்.

புழுக்கொடியல் முறிச்சா ‘டக்’ எண்டு முறியவேணும். வளைஞ்சா நடுவில ஈரம் நிக்குது. வெளிப்பக்கம் இறுகினவுடன சாக்கில கட்டினா உள்ளீரம் கசிஞ்சு பூஞ்சணம் பிடிக்கும். அவிச்சுத் தோலுரிச்சு, வால் பிரியாமல் பிளந்து, பீலி எண்ட நடுக் குருத்தையும் தும்பையும் எடுத்துக் கொடியில தொங்கவிட்டா ரெண்டு பக்கமும் காத்துப் படும். படத்தில தறப்பாள் விரிச்சு நிலத்தில போட்டிருக்கினம், அடிப்பக்கம் வேர்க்காமல் என்ன செய்யும்? மாசி வெயில் தாராளம். கம்பியும், இரவில பனி படாமல் மூட ஒரு தறப்பாளும் வாங்கிக் குடுங்கோ, காணும்.

உண்மையான தட்டுப்பாடு பனங்கொட்டையிலதான். ஆவணியில பனங்கூடலுக்கை பழம் பொறுக்கினா முந்தி ஆரும் கேக்கிறேல்லை. ஒரு பழத்தில ரெண்டு மூண்டு கொட்டை, முளைச்சா கொட்டைக்கொரு கிழங்கு. பழக்களியைக் காயவைச்சாப் பனாட்டு, முளைச்ச கொட்டையை வெட்டினா உள்ள தின்னுற பூரான், மிஞ்சின ஊமல் ஓடு அடுப்புக்கு. காணியில்லாத வீட்டிலயும் நாலு காசு புழங்கினது இதாலதான். இப்ப கூடல் முழுக்க முள்ளுக்கம்பி. அடைச்சது ஆரெண்டு இந்தக் குழுவில தனியாச் சொல்லத் தேவையில்லை. டோசர் விட்ட காணியில திரும்பப் பனை பழம் தள்ள 15 வருசமளவில செல்லும்.

கொட்டை முளைக்கப் போடுற பாத்தியிலயும் பிழை. மணல் மண்ணை உயத்திப் போடாட்டி மாரி வெள்ளத்தில கொட்டை அழுகும். கல் கிடந்தா கிழங்கு கோணும். கிண்டப் பிந்தினா குருத்து எழும்பிக் கிழங்கு தும்பாப் போகும், மாவும் வராது.

– வடக்கு வளவு, ஸ்காபரோ

---

கொட்டை, கம்பியெல்லாம் இருக்கட்டும். போன வருசம் கிழங்கு அவிக்க வாங்கின அண்டாவுக்குப் பற்றுச்சீட்டு எங்கை? அது கோயில் மடத்தில அன்னதானத்துக்கு நிக்குதாம். தண்ணித்தாங்கிக் கணக்கை விழுங்கின மாதிரி இதையும் விழுங்க விடமாட்டன்.

– முன்னாள் பொருளாளர், லண்டன்

---

பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டின சங்கம் பனங்கிழங்கு அவிக்கவோ காசு சேர்க்கிறது? பக்கத்து ஊரவை சிரிக்கினம்.

– சந்தியடி, ஒஸ்லோ

---

சிரிக்கிறவையைத் தமிழ்க் கடையில புழுக்கொடியல் பைக்கற்றைத் திருப்பி விலை பாக்கச் சொல்லுங்கோ, தம்பி. மாடி கட்டேக்கை ஆற்ற பனைமரம் வெட்டிக் கூரை வளையாய்ப் போனது எண்டும் ஐயாவைக் கேட்டுப் பாரும்.

அண்டாவை மடத்தாலை எடுப்பியுங்கோ. மேற்குக் கூடல் படலைத் திறப்பு ஆரிட்டை இருக்கு? ஆவணிக்கு முன்னம் அறியத் தாங்கோ.

– வடக்கு வளவு